பிசையாத மாவுல ஸ்டிக்கி பன் வருமா, வராதா?

ஜனவரி 6, காலை (கேட்டவங்க எழுதினது)

பிசையாம ஊற வெக்கிற மாவு வெறும் பிரெட்டுக்கு வேணா சரி. ஸ்டிக்கி பன்னு, அதாவது வெண்ணெய், முட்டை, சர்க்கரை எல்லாம் போட்டு, ட்ரே அடியில பாகு ஊத்தி சுட்டு தலைகீழா கவுத்துற பன்னுக்கு அது வேலைக்கு ஆகாதுன்னு நான் சொல்றேன். ரெண்டு தடவை பண்ணிப் பார்த்தேன், ரெண்டு தடவையும் பன்னு கேக் மாதிரி உதிர்ந்துச்சு, பிச்சா நார் வரல. வரும்னு சொல்றவங்க எப்படின்னு சொல்லுங்க.

ஜனவரி 6, ராத்திரி

வரும்ங்க. மூணு வருஷமா நான் பண்ற பன் எல்லாமே பிசையாத மாவு தான். வலது மணிக்கட்டு உடைஞ்சு, கட்டு பிரிச்சதுக்கப்புறம் மாவை அழுத்தினாலே உள்ளங்கை ஓரத்துல ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் சுரீர்னு இழுக்கும். பத்து நிமிஷம் பிசையுறதெல்லாம் நடக்காத காரியம்னு பன் பண்றதையே விட்டுட்டேன், ஒரு வருஷம் ஓவன் பக்கமே போகல. அதனால இந்த முறை எனக்கு குறுக்கு வழி இல்ல, திரும்ப அடுப்பங்கரைக்குள்ள போக வெச்ச வழி. வராதுன்னு யாராவது சொன்னா சும்மா இருக்க முடியல.

மைதாவுல குளூட்டெனின், கிளையடின்னு ரெண்டு புரதம் இருக்கு, தண்ணி பட்டதும் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு வலை மாதிரி ஆகும், அதுக்குப் பேர் தான் குளூட்டன். நாம பிசையும்போது அந்தக் கோர்வையை அவசரப்படுத்துறோம், அவ்வளவு தான். தண்ணி தாராளமா இருந்து நேரமும் கொடுத்தா அது தன்னால கோத்துக்கும், ஈஸ்ட் விடுற காத்துக்குமிழி ஒவ்வொண்ணும் உள்ளே இருந்து மாவை இழுத்து இழுத்து நீட்டிக்கிட்டே இருக்கும். நியூயார்க்ல பேக்கரி வெச்சிருக்கிற ஜிம் லேஹியோட பிசையாத பிரெட் 2006 நவம்பர்ல நியூயார்க் டைம்ஸ்ல வந்தப்புறம் தான் வீட்டுல பண்றவங்க நடுவுல இது இவ்வளவு பரவுச்சு. மூணு கப் மாவுக்கு கால் டீஸ்பூன் ஈஸ்ட், 12லேர்ந்து 18 மணி நேரம் வெளியில ஊறணும், அது தான் அவர் கணக்கு.

ஆனா உங்க சந்தேகத்துல நியாயம் இருக்கு. லேஹியோட மாவுல வெண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது, முட்டையும் கிடையாது. வெண்ணெய் மாவுத்துகளைச் சுத்திப் படிஞ்சா தண்ணி உள்ள போறது தாமதமாகும், சர்க்கரையோ தண்ணியைத் தானே பிடிச்சு வெச்சுக்கும். ரெண்டுமே குளூட்டனுக்கு எதிரி தான். அதனால அவர் முறையை அப்படியே தூக்கிட்டு வந்து பன்னுக்குப் போட்டா சரியா வராது. இன்னொண்ணு, பாலும் முட்டையும் சேர்ந்த மாவை 18 மணி நேரம் வெளியில வெக்கவே கூடாது, கெட்டுப் போயிடும். ஊற வேண்டிய நேரம் முழுக்க ஃப்ரிட்ஜுக்குள்ள தான்.

நாளைக்கு அளவு எழுதுறேன். நீங்க என்ன அளவுல பண்ணீங்க, எவ்வளவு நேரம் ஊற வெச்சீங்கன்னு சொல்லுங்க.

ஜனவரி 7, மதியம்

12 பன்னுக்கு, 33க்கு 23 சென்டிமீட்டர் ட்ரேயில நான் பண்றது இது.

மைதா 450 கிராம், பால் 280 மில்லி, முட்டை 1, சர்க்கரை 50 கிராம், உருக்கின வெண்ணெய் 60 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பு 18 கிராம். பால் கை பொறுக்கிற வெதுவெதுப்புல இருக்கணும், அதுக்கு மேல சூடு வேண்டாம். பெரிய கிண்ணத்துல பால், முட்டை, சர்க்கரை, ஈஸ்ட் கலக்கி, மைதாவைக் கொட்டி, மரக்கரண்டியால வறண்ட மாவு தெரியாத வரைக்கும் ஒரு நிமிஷம் கிளறினா போதும். மூடி 20 நிமிஷம் விட்டுட்டு அப்புறமா உப்பும் வெண்ணெயும். வெண்ணெய் சேர்த்ததும் மாவு வழுக்கிக்கிட்டு கட்டி கட்டியா பிரியும், கெட்டுப் போச்சுன்னு தோணும், பயப்படாம கரண்டியாலயே மடிச்சு மடிச்சு விட்டா ரெண்டு நிமிஷத்துல குடிச்சுக்கும்.

அதுக்கப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை, மொத்தம் மூணு தடவை, கையைத் தண்ணில நனைச்சுக்கிட்டு மாவோட ஒரு ஓரத்தைப் பிடிச்சு மேல தூக்கி நடுவுல மடிக்கணும், கிண்ணத்தைக் கால் வட்டம் திருப்பி அடுத்த ஓரம், இப்படி நாலு பக்கம். அரை நிமிஷ வேலை, மணிக்கட்டு மடங்கவே வேண்டாம். மூணாவது தடவை தூக்கும்போது கவனிச்சுப் பாருங்க, முதல் தடவை சேறு மாதிரி அறுந்து விழுந்த அதே மாவு இப்ப துணி மாதிரி நீண்டு வரும், வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா விரல் நிழல் தெரியும். எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த இடம் தான் சந்தோஷம்.

அப்புறம் மூடி ஃப்ரிட்ஜ். குறைஞ்சது 8 மணி நேரம், 24 வரைக்கும் போகலாம்.

ஜனவரி 7, மதியம், அஞ்சு நிமிஷம் கழிச்சு

உப்பு 8 கிராம். எட்டு! மேல 18னு அடிச்சிருக்கேன், அந்த அளவுல போட்டா வாயில வெக்க முடியாது, ஈஸ்ட்டும் படுத்துடும். எழுதி வெச்சுக்கிட்டவங்க தயவுசெஞ்சு மாத்திக்கோங்க.

ஜனவரி 7, ராத்திரி

மாவு இவ்வளவு தளர்வா இருந்தா எப்படித் தேய்க்கிறதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. அதுக்குத் தான் ஃப்ரிட்ஜ். வெண்ணெய் 32லேர்ந்து 35 டிகிரியில உருகும், ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரியில கல்லு மாதிரி இறுகிடும். மாவு முழுக்கப் பரவியிருக்கிற வெண்ணெய் இறுகினா மாவும் கூடவே நிமிர்ந்து நிக்கும், சாயங்காலம் கையில ஒட்டின மாவு காலைல பலகையில ஒட்டாம சதுரமா தேய்க்க வரும். வெண்ணெய் தான் பிரச்சனைன்னு கேள்வியில இருந்துச்சு. பிசையாத பிரெட் மாவைக் கையாளுறதை விட பிசையாத பன் மாவு சுலபமா இருக்கிறதுக்குக் காரணமே அந்த வெண்ணெய் தான்.

வெளியில எடுத்ததும் தேய்ச்சிடுங்க. அரை மணி நேரம் வெளியில வெச்சு தேய்க்கலாம்னு நினைச்சா திரும்ப ஒட்ட ஆரம்பிச்சிடும். 40க்கு 30 சென்டிமீட்டர் அளவுக்கு விரிங்க.

ஜனவரி 9

இன்னிக்கு பாகு பத்தி. ஸ்டிக்கி பன்னுல உயிர் அது தான், தப்பு நடக்கிறதும் அங்க தான்.

வெண்ணெய் 90 கிராம், பிரவுன் சுகர் 130, தேன் 50, கிரீம் ரெண்டு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. சின்னத் தீயில வெச்சு எல்லாம் ஒண்ணா கலந்து வழவழன்னு ஆனதும் இறக்கிடணும். கொதிக்க விடாதீங்க. பாகுன்னதும் நம்ம கை தன்னால கம்பிப்பதம் பார்க்கப் போகும், இங்க பதமே பார்க்க வேண்டாம், ஏன்னா இது ஓவன்ல இன்னும் அரை மணி நேரம் கொதிக்கப் போகுது. நான் ஆரம்பத்துல அடுப்புலயே நல்லா கொதிக்க வெச்சு ட்ரேயில ஊத்தினேன், பன்னு கவுத்தும்போது கண்ணாடி மாதிரி மின்னுச்சு, எல்லாரும் ஆஹான்னாங்க, ஆறினதும் பல்லு இறங்கல. ஏற்கெனவே தண்ணி வத்தின பாகு ஓவன்ல மேலும் வத்தி, 120 டிகிரி தாண்டிட்டா ஆறினதும் மிட்டாய் தான். 

தேன் எதுக்குன்னா ருசிக்கு மட்டும் இல்ல. சர்க்கரை மட்டும் இருந்தா ஆறும்போது பூத்துப் போய் நறநறன்னு ஆகும், தேன்ல இருக்கிற குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் நடுவுல புகுந்து சர்க்கரையைக் கட்டிக்க விடாது. தேன் இல்லேன்னா குளுக்கோஸ் சிரப், கோல்டன் சிரப் ஏதாவது. அதை மட்டும் விட்டுடாதீங்க.

பெக்கான், வால்நட் எது போட்டாலும் முதல்ல லேசா வறுத்துக்கோங்க. பச்சையா போட்டா பாகுக்குள்ள முங்கிக் கிடந்து வேகும், வறுபடாது, கடிச்சா சவசவன்னு இருக்கும். கவுத்தினா அடி தான் மேல வரும்ங்கிறதால அழகான பக்கத்தைக் கீழ பார்த்து வைங்க.

ஜனவரி 9, ராத்திரி

ட்ரேக்கு அடியில இன்னொரு தட்டு வைக்கணும்னு சொல்ல மறந்துட்டேன். பாகு பொங்கி ஓவன் அடியில சொட்டினா புகை, அப்புறம் தேய்ச்சு எடுக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

ஜனவரி 10

பட்டைத்தூளை மாவுலயே போட்டா வாசனை இன்னும் நல்லா வருமேன்னு ஒரு கேள்வி. வாசனை வரும், மாவு சரியா உப்பாது. பட்டையில வாசனைக்குக் காரணமான சின்னமால்டிஹைடு ஈஸ்ட்டோட வேலையை மட்டுப்படுத்தும், அதுவும் ராத்திரி முழுக்க ஊறப்போற மாவுல. பட்டையோட இடம் உள்ளே தடவுற பூரணம் தான். வெண்ணெய் 60 கிராம், பிரவுன் சுகர் 100, பட்டைத்தூள் ரெண்டு டீஸ்பூன், மைதா ஒரு டீஸ்பூன், எல்லாம் குழைச்சு தடவுங்க. வெண்ணெய் இளகி இருக்கணும், உருகி இருக்கக்கூடாது, உருகினதைத் தடவினா சுருட்டும்போதே ரெண்டு பக்கமும் வழிஞ்சு ஓடிடும். அந்த ஒரு டீஸ்பூன் மைதா சர்க்கரை கரைஞ்சு விடுற தண்ணியைப் பிடிச்சுக்கும்.

வெட்டறதுக்கு கத்தி வேண்டாம், தையல் நூல். சுருளுக்கு அடியில நூலை விட்டு மேல குறுக்கா இழுத்தா நசுங்காம வட்டமா வரும்.

ஜனவரி 13

முதல் நாள் நான் எழுதினதையே சோதிச்சுப் பார்க்கணும்னு தோணுச்சு. வெண்ணெயைக் கடைசியில போடணும்னு மூணு வருஷமா சொல்லிட்டு இருக்கேன், எப்பவாவது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்திருக்கேனான்னா இல்ல. அதனால சனிக்கிழமை ரெண்டு கிண்ணம். ஒண்ணுல எல்லாத்தையும் ஒரே தடவையில கொட்டிக் கலந்தேன், இன்னொண்ணுல வழக்கம் போல 20 நிமிஷம் கழிச்சு வெண்ணெய். அளவு ரெண்டுக்கும் கிராம் பிசகாம ஒண்ணு.

முதல் மடிப்புல வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுது, மொத்தமா கலந்தது கொழகொழன்னு அறுந்துச்சு, வெண்ணெய் பின்னால போட்டது ஓரளவு நீண்டுச்சு. மூணாவது மடிப்புல வித்தியாசம் பாதியாக் குறைஞ்சிடுச்சு. மறுநாள் காலை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தப்போ, கிண்ணத்துல சீட்டு ஒட்டலேன்னா எது எதுன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது. சுட்டு எடுத்து வீட்டுல எது எதுன்னு சொல்லாம கொடுத்தேன், ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. சின்னவ மட்டும் வெண்ணெய் பின்னால போட்டதை "இது இன்னும் கொஞ்சம் நூல் நூலா வருது"ன்னா.

ஆக, வெண்ணெய் பின்னால போடணும்ங்கிறதுல நான் இவ்வளவு பிடிவாதமா இருந்திருக்க வேண்டாம். ராத்திரி முழுக்க ஊறப்போகுதுன்னா எப்ப போட்டாலும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். ரெண்டு மூணு மணி நேரத்துல சுட்டாகணும்னா மட்டும் கட்டாயம் பின்னால போடுங்க, அங்க அந்த 20 நிமிஷம் பெரிய விஷயம். நேரம் தான் எல்லாத்தையும் சரி பண்ணுதுன்னு முதல் நாள் நானே எழுதிட்டு அதையே முழுசா நம்பாம இருந்திருக்கேன்.

கேட்டவங்களே, நீங்க இன்னும் அளவு சொல்லல. ஒரே நாள்ல சுட்டீங்களா?

ஜனவரி 14

ஈஸ்ட் பத்தி வந்த கேள்விங்க எல்லாத்துக்கும் சேர்த்து. இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை நேரா மாவுல போடலாம். ஆக்டிவ் டிரைன்னு எழுதியிருந்தா கொஞ்சம் பெரிய குருணையா இருக்கும், அதை வெதுவெதுப்பான பாலுல பத்து நிமிஷம் போட்டு நுரைக்குதான்னு பார்த்துட்டு சேருங்க, அளவும் கால் பங்கு கூட்டிக்கோங்க. 55, 60 டிகிரிக்குப் போனா ஈஸ்ட் செத்துடும். ஒரு தடவை அவசரத்துல அடுப்புல இருந்து இறக்கின பாலை அப்படியே ஊத்திட்டேன், ஆறு மணி நேரம் காத்திருந்தும் கிண்ணத்துல ஒரு குமிழி இல்ல. இப்பெல்லாம் பாலை மணிக்கட்டு உள்பக்கத்துல ஒரு சொட்டு விட்டுப் பார்த்துட்டு தான்.

சர்க்கரை கூட்டலாமான்னா, 50 கிராமுக்கு மேல வேண்டாம்னு தான் சொல்வேன். மாவு எடையில பத்துல ஒரு பங்கை ரொம்பத் தாண்டினா சர்க்கரை ஈஸ்ட்கிட்ட இருந்தே தண்ணியை இழுத்துடும், உப்புறது மந்தமாகும். இனிப்பு தான் உள்ளயும் வெளியயும் இவ்வளவு இருக்கே, மாவு கொஞ்சம் சப்புன்னு இருந்தா தான் எடுபடும்.

ஜனவரி 16

இதுக்கும் சின்னமன் ரோலுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டிருக்காங்க. சுருட்டுறது, வெட்டுறது எல்லாம் ஒண்ணு தான். சின்னமன் ரோல் வெந்தப்புறம் மேல ஐசிங் பூசுறது. ஸ்டிக்கி பன்னுல பாகு முதல்லயே ட்ரே அடியில இருக்கும், பன்னு அது மேல உட்கார்ந்து வெந்து, அப்படியே தலைகீழா கவுத்துறோம். அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல குடியேறின ஜெர்மன்காரங்க கொண்டு போன ஷ்னெக்கன் தான் இதுக்கு மூலம்னு சொல்வாங்க, ஜெர்மன்ல அதுக்கு நத்தைங்கன்னு அர்த்தம். வெட்டி வெச்ச சுருளைப் பக்கவாட்டுல இருந்து பார்த்தா நத்தை ஓடு தான். இது தெரிஞ்சதுலேர்ந்து எங்க வீட்டுல சின்னவ நத்தை சுட்டாச்சான்னு தான் கேக்குறா.

ஜனவரி 17

கவுத்துற நேரம். ஓவன்ல இருந்து எடுத்து அஞ்சு நிமிஷம். உடனே கவுத்தினா பாகு தண்ணியா ஓடி தட்டுக்குப் போயிடும், பன்னுல நிக்காது. கால் மணி நேரம் விட்டா ட்ரேயோட ஒட்டிக்கும், நட்ஸ் எல்லாம் அடியிலயே தங்கிடும். அப்படி ஆயிடுச்சுன்னா ட்ரேயைத் திரும்ப ரெண்டு நிமிஷம் ஓவன்ல வெச்சு எடுங்க, இளகி வந்துடும்.

ஓரம் தூக்கின பெரிய தட்டு, ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் உறை, ட்ரேயை நமக்கு எதிர்ப்பக்கமா சாய்ச்சு கவுத்தணும். குழந்தைங்க அந்த நேரம் அடுப்பங்கரையில இருக்கவே கூடாது. கொதிக்கிற தண்ணி பட்டா வழிஞ்சு போயிடும், பாகு தோலோட ஒட்டிக்கிட்டு அங்கயே நின்னு சுடும், இழுத்தா தோலும் சேர்ந்து வரும். மணிக்கட்டுல பலம் இல்லாத என்ன மாதிரி ஆளுங்க தனியா இதைப் பண்ண வேண்டாம். நான் யாரையாவது கூப்பிட்டுத் தான் கவுத்துறேன், மத்த எல்லாம் நானே.

ஜனவரி 20

"வெளியில நல்ல நிறம், நடுவுல இருக்கிற ரெண்டு பன்னு மாவாவே இருக்கு." இது மூணு பேருக்கு நடந்திருக்கு. எனக்கும் நடந்துச்சு, ரொம்ப நாள் நிறத்தைப் பார்த்து எடுத்துட்டு இருந்தேன். சர்க்கரையும் பாலும் உள்ள மாவு சீக்கிரம் சிவந்துடும், அதை நம்ப முடியாது. 180 டிகிரியில 30லேர்ந்து 35 நிமிஷம் ஆகும், மேல சிவந்துச்சுன்னா ஃபாயில் தாளை லேசா மேல போட்டு தொடருங்க. குச்சி தெர்மாமீட்டர் இருந்தா நடு பன்னுல குத்துங்க, 90 டிகிரி காட்டணும். இல்லேன்னா நடு பன்னோட மையத்தை ஃபோர்க்கால லேசா தூக்கிப் பாருங்க, உள்ளே பளபளன்னு ஈரமா தெரிஞ்சா இன்னும் அஞ்சு நிமிஷம்.

கண்ணாடி ட்ரேன்னா சூடாக நேரம் எடுக்கும். மெல்லிய உலோக ட்ரே தான் என் ஓட்டு.

நடு பன்னு வேகாம இருக்கிறதுக்கு இன்னொரு காரணம் சரியா உப்பாதது. ஃப்ரிட்ஜ் மாவை வெட்டி அடுக்கினதும் அது இன்னும் ஜில்லுனு தான் இருக்கும், அடியில பாகும் இறுகிப் போய் இருக்கும். உப்ப ஒரு மணி நேரம்னு செய்முறைகள்ல எழுதியிருந்தாலும் மாவு கேக்காது, ஒன்றரை, சில நாள் ரெண்டு கூட ஆகும். விரலால அழுத்தினா குழி மெதுவா, பாதி மட்டும் திரும்பணும். சட்டுனு எழும்பினா இன்னும் நேரம் இருக்கு. சீக்கிரம் ஆகட்டும்னு சூடான ஓவன்ல வெச்சிடாதீங்க, உப்புறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிற வெண்ணெய் உருகி வெளிய வந்துடும்.

ஜனவரி 21

முட்டை வேண்டாம்னா 40 மில்லி பால் கூட்டிக்கோங்க. நிறமும் மென்மையும் கொஞ்சம் குறையும், நார் குறையாது. பாலுக்குப் பதிலா சோயா பால் போட்டாலும் சரியா வந்திருக்கு.

ஜனவரி 25

24 மணி நேரத்துக்கு மேல போகலாமான்னு கேட்டாங்கன்னு மூணு நாள் ஒரு கிண்ணத்தை விட்டுப் பார்த்தேன். ஒண்ணாவது நாள் மாவு மேல் பக்கம் தளதளன்னு மேடா இருந்துச்சு. ரெண்டாவது நாள் லேசா இறங்கி, திறந்தா பழம் புளிச்ச மாதிரி ஒரு மணம், ருசி என்னைக் கேட்டா ஒரு நாள் மாவை விட நல்லாவே இருந்துச்சு. மூணாவது நாள் சாராய வாடை, தேய்க்கும்போது அங்கங்க கிழிஞ்சுது. மாவுல இருக்கிற என்சைம் புரதத்தை வெட்டிக்கிட்டே இருக்கும், கொஞ்ச நேரம் வரைக்கும் அது மாவை இளக்கும், ரொம்ப நேரம் ஆனா வலையையே அறுத்துடும். ஆக நேரம் கொடுக்கக் கொடுக்க நல்லதுன்னு நான் மேல எழுதின தொனி முழுசா சரியில்ல. ரெண்டு நாள் வரைக்கும் தாராளம். மூணாவது நாள் வேண்டாம்.

சுருட்டி வெட்டி ட்ரேயில அடுக்கினதை ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெக்கலாம், காலைல சுடுறவங்களுக்கு வசதி. ஆனா பூரண சர்க்கரை தண்ணி விட்டு அடியில தேங்கும், பாகோட தானே சேரப்போகுதுன்னு நான் கவலைப்படுறதில்ல.

ஜனவரி 28

மீந்ததை ஃப்ரிட்ஜ்ல வெக்காதீங்க, நட்ஸும் பாகும் வீணாயிடும்ங்கிறதுக்காக இல்ல, பன்னு வறண்டு போகும். வெந்த மாவுச்சத்து ஃப்ரிட்ஜ் குளிர்ல தான் ரொம்ப வேகமா இறுகும். மூடி வெளியில ஒரு நாள், அதுக்கு மேல இருந்தா ஃப்ரீசர். எடுத்து சூடு பண்ணினா திரும்ப இளகும், பாகும் திரும்ப ஓட ஆரம்பிக்கும்.

பிப்ரவரி 3

கேட்டவங்க பதில் போட்டாங்க, மூணு வாரம் ஆச்சே, விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். ரெண்டு தடவையும் கப்புல அளந்திருக்காங்க, ரெண்டு மணி நேரம் ஊற வெச்சு அன்னைக்கே சுட்டிருக்காங்க. எனக்கு இப்ப தான் முழுசா புரியுது. ஒரு கப் மைதாவைக் கரண்டியால தூவி நிரப்பினா 120 கிராம், பையில கப்பை விட்டு அழுத்தி அள்ளினா 150 கிராம் கூட வரும். மூணே முக்கால் கப்புக்கு 110 கிராம் கூடுதல். அவ்வளவு மாவு கூடினா, அதே பாலுக்கு மாவு கெட்டியா ஆகியிருக்கும். கெட்டியான மாவு பிசையாம ரெண்டு மணி நேரத்துல கோத்துக்காது, அதுல வெண்ணெயும் மொத்தமா முதல்லயே. கேக் மாதிரி உதிரத்தான் செய்யும். பிசையாத முறைக்கு மாவு கையில ஒட்டணும். ஒட்டாத அளவுக்கு மாவு சேர்த்துட்டா அதைப் பிசைஞ்சு தான் ஆகணும்.

அவங்க சொன்னது அவங்க கிண்ணத்துல உண்மை தான். நான் முதல் நாளே அளவைக் கேட்டு வாங்காம பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டேன்.

தராசு வாங்கிட்டேன், வர்ற ஞாயிறு பண்றேன்னு எழுதியிருக்காங்க.

பிப்ரவரி 10

படம் பார்த்தேன். பன்னைப் பிச்சுப் பிடிச்சிருக்கீங்க, ரெண்டு பாதிக்கும் நடுவுல நாலஞ்சு இழை அறுபடாம நீண்டு நிக்குது, அது மேல பாகு வழியுது. பத்து தடவை பெருசாக்கிப் பார்த்துட்டேன். வீட்டுல எல்லாருக்கும் காட்டினேன்.

ஓரத்துல நாலு பன்னு கொஞ்சம் கறுப்பா சிவந்திருக்கிறதைக் கேட்டிருந்தீங்க. ட்ரே ஓவனோட பின்பக்கம் ஒட்டி இருந்திருக்கும், அடுத்த தடவை 20 நிமிஷத்துல திருப்பி வைங்க. ட்ரேயில ஒட்டின பாகை சுரண்டாதீங்க, சுடுதண்ணி ஊத்தி அரை மணி நேரம் விட்டா தானா கரைஞ்சிடும்.